அரியமுத்து வாத்தியார் ஆற்றை அளந்த கதை

அரியமுத்து வாத்தியார் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் அட்லாண்டிக் சமுத்திரத்தில் வெப்ப நீரோட்டம் எந்த இடத்தில் வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கரும்பலகையில் வைத்த சாக்குக்கட்டியை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஆப்பிரிக்காவை வரைந்து முடிப்பார். வரைந்த கையோடு ஜெயங்கொண்டத்துக்கு எந்தப் பாதை கிட்டம் என்று கேட்டால், வாசலுக்கு வந்து ரோட்டில் போகிற வண்டிக்காரரைக் கேட்டுச் சொல்வார்.

விக்கிரமங்கலத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. ஹையர் கிரேடு வாத்தியார் பரீட்சை பாஸ் செய்து, பத்தொன்பது வருஷமாக மேலூர் மிடில் ஸ்கூலில் பூகோளம் சொல்லிக்கொடுத்துவந்தார். மேலூர் என்பது நான் வைத்த பெயர். ஆற்றோட்டத்தில் அதற்குக் கீழே இருக்கிற ஊருக்குக் கீழூர் என்று பெயர் வைத்திருக்கிறேன். நிஜப் பெயர்களை எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த இரண்டு ஊருக்கும் இருக்கும்.

யுத்தம் வந்தபோது மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஊரே அலைந்தது. வாத்தியாருடைய கவலையெல்லாம் சுவரில் தொங்கிய ஐரோப்பாப் படத்தைப் பற்றித்தான்.

"எல்லாக் கோடும் தப்பாப் போச்சு தம்பி. இவனுங்க சண்டைய முடிச்சாத்தான் நான் பாடத்த முடிக்க முடியும்" என்பார்.

தம்பி என்றது என்னை. நாற்பத்து மூன்றாம் வருஷம் பி.ஏ. முடித்துவிட்டு அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, கொடுத்தவர்களும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தின் மானேஜர், மேலூர் மிராசுதார் கண்ணையன், என் பட்டத்தை ஒரு புது மாட்டைப் பார்ப்பதுபோலச் சுற்றிப் பார்த்துவிட்டு வேலை கொடுத்தார்.

வந்த வருஷமே வம்பு வந்தது. பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த டெபுடி இன்ஸ்பெக்டர், "பட்டதாரி ஒருவர் இருக்கும்போது பூகோளத்தை ஏன் ஹையர் கிரேடு எடுக்கிறார்?" என்று கேட்டார். நான் படித்தது சரித்திரம் என்று சொன்னேன். அது ஒரு தடையாக அவருக்குத் தோன்றவில்லை. இனி பூகோளத்தை வெளியில் அழைத்துப்போய் நேரில் காட்ட வேண்டுமென்று புதிய சுற்றறிக்கை வந்திருப்பதாகவும், தை மாதம் தாம் திரும்பி வரும்போது அரியமுத்து ஒரு ஆற்றை முறைப்படி ஆராய்ந்து காட்டினால் பாடம் அவரிடமே இருக்குமென்றும், இல்லாவிட்டால் எனக்கு மாற்றப்படுமென்றும் சொல்லிவிட்டுப் போனார். பூகோளம் போனால் வாத்தியாருக்கு மிஞ்சுவது டிரில்லும் ஒன்றாம் வகுப்பும்தான்.

எனக்கு அந்தப் பாடம் வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். "ஒன்னய யாரு தம்பி கேக்குறா? என்னயவே கேக்கலையே" என்றார்.

ஆறு என்றால் எங்களுக்கு மருதையாறுதான். பச்சைமலையில் பிறந்து, வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடந்து, மீதி நாள் தண்ணீராக ஓடிக் கொள்ளிடத்தில் சேருவது. அதுவரை வாத்தியார் அதை ஒரு ஆறாக மதித்ததில்லை. பாடப்புத்தகத்தில் அதன் பெயர் இல்லை.

திட்டம் மார்கழி முழுவதும் வகுப்பறையில் நடந்தது. எட்டாம் வகுப்புப் பையன்களை அகலக் கோஷ்டி, ஆழக் கோஷ்டி, வேகக் கோஷ்டி என்று பிரித்தார். அகலக் கோஷ்டி பள்ளிக்கூடத்து வராந்தாவைத் தினமும் கயிற்றால் அளந்தது. ஆழக் கோஷ்டி அடிக்கணக்குக் கீறிய மூங்கில் கழியைச் சிமெண்டுத் தரையில் ஊன்றிப் பார்த்து, ஆழம் சைபர் என்று ஒழுங்காக எழுதிவந்தது. வேகக் கோஷ்டிக்குத்தான் பயிற்சி இல்லை. சுற்றறிக்கைப்படி, ஓடுகிற தண்ணீரில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு, இரண்டு கோடுகளுக்கு நடுவே அது போகிற நேரத்தைக் கணக்கிட வேண்டும். யுத்த காலத்து அரியலூர்ச் சந்தையில் ஆரஞ்சு கிடையாது. யுத்தத்துக்கு முன்பும் கிடையாது.

கடைசியில் வாத்தியார் தம் வீட்டு அடுக்களையில் கைவைத்தார். அவர் மனைவி வீரம்மாள் ஊறுகாய் போட வைத்திருந்த எலுமிச்சம்பழக் கூடை அங்கே இருந்தது. நான் கூடப் போயிருந்தேன்.

"ஏங்க, ஊறுகாய்க்கு வச்ச பழத்த ஆத்துல வுட்டா என்ன வரும்?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"வேகம் வரும்."

"வேகத்தத் தொட்டுக்கிட்டுக் கஞ்சி குடிப்பீங்களா?"

"இது டிபார்ட்மெண்ட் விசயம் வீரம்மா. நீ பேசாத."

"டிபார்ட்மெண்ட்டுக்கு ஊறுகா போடத் தெரியாதா? அவங்க வூட்டுல பழம் இல்லியா?"

கூடை எங்களோடு வந்துவிட்டது. பச்சையும் மஞ்சளுமான பழம் ஆற்றில் மிதக்கும் சருகுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாது என்று வாத்தியார் யோசித்தார். சிவப்பு மை தட்டுப்பாடு. ஆகவே வீரம்மாளின் குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்துப் பழத்துக்குப் பழம் பூசினார். எந்தப் பழம் எத்தனையாவது என்று அடையாளம் வேண்டும் அல்லவா? முதல் பழத்தில் கத்தியால் ஒரு கீறல், இரண்டாவதில் இரண்டு என்று கீறிக்கொண்டே போனார். பாடவேளை கெடக்கூடாது என்பதற்காக ஒத்திகையை விடுமுறை நாளில் வைத்தார். தை அமாவாசை.

அமாவாசை உச்சிப்பொழுதில், குங்குமம் தடவி அறுத்த எலுமிச்சம்பழங்களை ஆற்றில் விடப் போகிறோம் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. பையன்களுக்குத் தோன்றவில்லை. நான் தெருவில் அப்படி ஒரு பழம் கிடந்தால் இன்றும் சுற்றிக்கொண்டு போகிறவன், எனக்கும் தோன்றவில்லை. பூகோளம் என்று நினைத்துப் பார்த்தோம், பூகோளமாகத்தான் தெரிந்தது.

ஒத்திகை பிரமாதமாக நடந்தது. தண்ணீர் முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே ஓடியது. மிராசுதார் வீட்டு டைம்பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாத்தியார் கரையில் ஓடினார். பழங்கள் முதல் கோட்டைத் தாண்டின, இரண்டாவது கோட்டைத் தாண்டின. அதற்குப் பிறகு அவை என்ன ஆகும் என்பது திட்டத்தில் இல்லை. பாடத்தில் ஆறு அங்கே முடிந்துவிட்டது. ஆற்றுக்கு அது தெரியவில்லை. பழங்கள் வரிசையாகக் கீழூர்ப் பக்கம் போய் மறைந்தன.

வாத்தியார் அதைக் கவனிக்கவே இல்லை. கரையில் குந்தி வகுத்துப் பெருக்கி, மணிக்கு இத்தனை மைல் என்று விடை வந்ததும், அதை மணலில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமாக அவர் சொல்லிவந்த எண்கள் எல்லாம் வேறு யாரோ அளந்தவை. திரும்பி வரும் வழியில் எதிரே வந்த கரும்பு வண்டிக்காரரை நிறுத்தி, "ஆத்துத் தண்ணி எவ்ளோ வேகம் தெரியுமா?" என்று கேட்டுத் தாமே சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு மாட்டைத் தட்டினார்.

கீழூரில் அந்நேரம் கலியம்மாள் என்கிற அம்மாள் ஆற்றில் குடத்தை முக்கி எடுத்திருக்கிறாள். குடத்துக்குள் நாலு கீறலோடு சிவப்பாக ஒரு பழம். குடத்தை அப்படியே போட்டுவிட்டுக் கத்தினாள். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தபோது மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அன்று சாயங்காலம் கலியம்மாளின் எருமை பால் கொடுக்கவில்லை. மறுநாள் இரண்டு பிள்ளைகளுக்குச் சுரம். அதற்கடுத்த நாள், முன்பே உடம்பு சரியில்லாமல் இருந்தவர்களுக்கெல்லாம் காரணம் தெரிந்துவிட்டது. கீழூர் ஆற்றுத் தண்ணீரை நிறுத்திக்கொண்டு, ஊர்க் கிணற்றில் வரிசை போட ஆரம்பித்தது.

மேலூருக்கும் கீழூருக்கும் தண்ணீர்த் தகராறு பழையது. மிராசுதார் கண்ணையன் ஆற்றுக்குக் குறுக்கே மணலும் தழையும் போட்டுக் கொரம்பு கட்டித் தம் வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொள்வார். அதன் உயரம் இவ்வளவுதான் என்று பஞ்சாயத்தில் தீர்ப்பு உண்டு. தீர்ப்பு வளரவில்லை, கொரம்பு வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தது. ஆகவே கழிப்பை, அதாவது தோஷம் கழித்துவிட்ட பழத்தை, அனுப்பியது யார் என்று கீழூர் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி வீரமுத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு மிராசுதார் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

மிராசுதாருக்கு விஷயம் தெரியும். அவர் பேரன்தான் வேகக் கோஷ்டித் தலைவன். இரண்டு நாளில் பதில் சொல்வதாக அவர்களை அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"ஏன்யா வாத்தியாரே, அறுத்த பழத்த அமாவாசையில ஆத்துல வுடுறது எந்த தேசத்துப் பாடம்யா?"

வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிவிட்டது.

"புதன்கெழம டிப்டி வராரு. கீழூர்க்காரன் ஒருத்தனும் ஆத்துல நிக்க வுட மாட்டான். பாடம் நடக்கலன்னா பூகோளம் இந்தத் தம்பி கைக்குப் போயிடும். பள்ளிக்கூடத்துக்குக் கவர்மெண்டு குடுக்கிற கிராண்டுக்கும் கேடு. போய்த் தீத்துட்டு வரணும், நானும் வரேன்."

"போய் நடந்தத சொல்லிடுறேங்க. படிக்கிற பிள்ளைங்க செஞ்சதுன்னு தெரிஞ்சா கோவம் போயிடும்" என்றார் வாத்தியார்.

உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நானும் நம்பினேன். நாங்கள் இருவரும் படித்தவர்கள்.

மாரியம்மன் கோயில் முன்னால் கீழூர் முழுக்க உட்கார்ந்திருந்தது. வாத்தியார் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் ஆற்றை வரைந்தார். இரண்டு கோடு போட்டு, அளந்த வேகத்தைப் பக்கத்தில் எழுதினார். பழம் இங்கிருந்து அங்கே போகும் நேரத்தைக் கொண்டு வேகம் கண்டுபிடிப்பதை, எட்டாம் வகுப்புக்குச் சொல்வதைவிடப் பொறுமையாகச் சொன்னார். கூட்டம் கேட்டது. கேட்கக் கேட்கச் சத்தம் அடங்கியது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். புரிந்துதான் விட்டது.

வீரமுத்து பூசாரி மெதுவாகக் கேட்டார்: "அப்ப, தண்ணி எவ்ளோ போவுதுன்னு அளந்திருக்கீங்க?"

"ஆமாங்க. வேகம், அகலம், ஆழம், எல்லாம்."

"எல்லாமும்."

"எல்லாமும்" என்றார் வாத்தியார், பெருமையாக.

"அளந்துகிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லீங்க. பாடம்."

"நெலத்த அளக்க வந்தவனும் ஒண்ணும் பண்ணலன்னுதான் சொன்னான். பொறவு தீர்வை வந்துச்சு. தண்ணிய அளந்தவன் சும்மாப் போவானா?"

பின்னாலிருந்து கலியம்மாள் எழுந்தாள். "கொரம்ப ஒசத்திக் கட்டத்தான் கணக்குப் பாத்திருக்காங்க! இந்தப் பண்ணையாரு நிக்கிறாரே, அவரு மூஞ்சியப் பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். அது பார்க்கத் தகுந்ததாகத்தான் இருந்தது. யாராவது கொரம்பை அளந்துவிடக் கூடாது என்பது மிராசுதாரின் வாழ்நாள் கவலை. ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டார். கழிப்புக்காகத் திட்ட வந்த கூட்டம் கொரம்பை வெட்டப் புறப்பட்டுவிட்டது.

மிராசுதார் அவசரமாக முன்னால் வந்தார். "இருங்கய்யா, இருங்க! அளக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. கழிப்புதான். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குக் கண்ணுபட்டுருச்சுன்னு வாத்தியாரு கழிச்சு வுட்டாரு. படிச்ச மனுசன், வெளிய சொல்லக் கூச்சப்படுறாரு. கேட்டுப் பாருங்க."

கூட்டம் வாத்தியாரைப் பார்த்தது. மிராசுதார் அவர் காதருகே குனிந்து, எனக்கும் கேட்கும்படி, "பூகோளம் வேணுமா, வேணாமா?" என்றார்.

வாத்தியார் கையில் குச்சி இருந்தது. காலடியில் ஆற்றின் படம் இருந்தது, அவர் அளந்த எண்ணோடு. கழிப்பு இல்லை என்று சொன்னால் கொரம்பு போகும், மிராசுதார் போவார், புதன்கிழமை போகும், பூகோளம் போகும். கழிப்பு என்று சொன்னால் பூகோளம் இருக்கும். அளந்தது மட்டும் இல்லாமல் போகும். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் யோசிக்கிறேன். பதில் நாளுக்கு ஒன்றாக வருகிறது.

அவர் காலால் படத்தை அழித்தார்.

"கழிப்புதாங்க" என்றார்.

கீழூர் பெருமூச்சு விட்டது. கழிப்பு என்றால் அதற்குப் பரிகாரம் உண்டு. தண்ணீரை அளந்ததற்குப் பரிகாரம் யாருக்கும் தெரியாது. வீரமுத்து பூசாரி முகம் மலர்ந்து விதி சொன்னார்: அனுப்பியவரே ஈரத்துணியோடு வந்து, இருபத்தொரு எலுமிச்சம்பழத்தைக் குங்குமம் தடவி அறுத்து, ஊரைச் சுற்றி எடுத்து, கீழூருக்குக் கீழே ஆற்றில் விட வேண்டும். கீழூருக்குக் கீழேயும் ஒரு ஊர் இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

"வெள்ளிக்கெழம வச்சுக்கலாம்" என்றார் பூசாரி.

அதுவரை தலைகுனிந்து நின்ற வாத்தியார் நிமிர்ந்தார். "புதன்கெழம வச்சுக்கலாங்களா? அன்னிக்கி டிப்டி இன்ஸ்பெக்டர் வராரு. அவரு முன்னால செஞ்சா கவர்மெண்டே சாட்சியா இருக்கும். பின்னால மேலூர்க்காரங்க மாத்திப் பேச முடியாது."

கூட்டத்துக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மிராசுதாருக்கும் பிடித்தது. வாத்தியார் மேற்கொண்டு கேட்டவை சின்னச் சின்ன விஷயங்கள்: பழங்களை ஒவ்வொன்றாக விட வேண்டும், அவை போவதைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் கரையில் இடம்விட்டு நிற்க வேண்டும், கரையில் இரண்டு இடத்தில் வேப்பங்கொத்து நட வேண்டும்.

"பக்தியா இருக்கும்" என்றார் பூசாரி.

புதன்கிழமை டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தபோது ஆற்றங்கரையில் இரண்டு ஊரும் திரண்டிருந்தன. நாற்காலியில் உட்காரவைத்து இளநீர் கொடுத்தோம். உடுக்கை ஒலித்தது. ஈர வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக வாத்தியார் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொரு பழமாக விட்டார். முதல் வேப்பங்கொத்தருகே ஒரு பையன் கையைத் தூக்கினான். இரண்டாவதருகே இன்னொரு பையன் தூக்கினான். நடுவே ஆன நேரத்தைத் தம் சொந்தக் கைக்கடிகாரத்தில் டெபுடி இன்ஸ்பெக்டரே பார்த்துச் சொன்னார். பிள்ளைகள் கை தூக்கும்போதெல்லாம் கீழூர் ஜனங்களும் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள்.

"பூகோளப் பாடத்துக்கு இவ்வளவு கூட்டமா!" என்று டெபுடி இன்ஸ்பெக்டர் என்னிடம் வியந்தார். "சென்னையில்கூட நான் பார்த்ததில்லை. எப்படி வரவழைத்தார்?"

நான் பதில் தேடுவதற்குள் அருகிலிருந்த மிராசுதார், "எல்லாம் ஆர்வந்தாங்க" என்றார்.

"அந்த டமடம எதற்கு?"

"அதுவும் ஆர்வம்."

கடைசிப் பழம் போனதும் கீழூர்ப் பெண்கள் குலவையிட்டார்கள். டெபுடி இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கைதட்டினார். பூகோளம் அரியமுத்துவிடமே இருக்கட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். பொதுமக்களைப் பாடத்தில் ஈடுபடுத்துவதில் மற்றப் பள்ளிக்கூடங்கள் இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு டிரில் கிடைத்தது.

கரையேறித் துணி பிழிந்துகொண்டிருந்த வாத்தியாரிடம் போனேன். சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். "இங்க வேகம் கொஞ்சம் கம்மியா இருக்கு தம்பி. ஆறு அகலமாவுதுல்ல" என்றார். அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாமல் என்னிடம் சொன்னார்.

கீழூரில் பிள்ளைகளின் சுரம் இறங்கியது. எருமை பால் கொடுத்தது. கிணற்றடி வரிசை கலைந்தது. ஒரு மாதம் கழித்து, எட்டாம் வகுப்பில் பூமி சுழல்வதைப் பற்றி வாத்தியார் சொல்லிக்கொண்டிருக்கும்போது கலியம்மாள் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் மகளின் குழந்தை. கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

"ஐயா, புள்ளைக்கு நேத்துலேருந்து ஒடம்பு அனலாக் கொதிக்குது. நீங்க ஒரு தடவ கழிச்சு வுட்டுடுங்க."

"ஒங்க ஊர்ப் பூசாரி இருக்காரும்மா. நான் பூகோள வாத்தியார்."

"அது இருக்கட்டுங்க. பூசாரியே சொல்லித்தான் வந்தேன். டிப்டிக்கு முன்னால கழிச்ச கை, அதுக்குத்தான் மவுசு அதிகம்னாரு."

பக்கத்து வகுப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். இடுக்கு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. வாத்தியார் அவள் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். இந்தக் கை கழிக்காது என்று சொன்னால், அன்றைக்கு ஆற்றில் விட்ட பழங்கள் என்ன என்ற கேள்வி திரும்ப எழும். கீழூரில் மண்வெட்டிகள் அப்படியேதான் இருந்தன.

சாக்குக்கட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். பழத்தை வாங்கிக் குழந்தையின் தலையைச் சுற்றி எடுத்தார். உதடுகள் அசைந்தன. மந்திரம் ஒன்றும் தெரியாத மனிதர் என்ன சொல்கிறார் என்று தட்டியில் காதை வைத்துக் கேட்டேன்.

"தேம்ஸ்... செயின்... ரைன்... எல்ப்... டான்யூப்... வோல்கா..."

ஐரோப்பாவின் ஆறுகளை மேற்கிலிருந்து கிழக்காக, ஒன்றுகூட விட்டுப்போகாமல், பாடம் சொல்கிற அதே நிதானத்தில் சொன்னார். கலியம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வோல்காவுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்து, "மருதையாறு" என்று சேர்த்துக்கொண்டார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தது.

பழத்தை அறுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இத எங்கீங்க போடட்டும்?" என்று கேட்டாள் கலியம்மாள்.

"எங்க வேணா போடு தாயி" என்றார் வாத்தியார். "ஆத்துல மட்டும் போட்டுடாத."